சோளகம் வீசும் மாதங்களில் மலையேற்றம்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு

வைகாசிக் கடைசியில் சோளகம் எழும்பினால் யாழ்ப்பாணத்தில் மழைக்கு இடமில்லை. கிணற்று நீர் இறங்கும், வேலிக் கதியால்களில் புழுதி படியும், பள்ளிக்கூட விடுமுறை நெருங்க நெருங்க “எங்கையாவது குளிரான இடத்துக்குப் போவம்” என்ற கதை வீடுகளில் தொடங்கும். அதே நாட்களில் இதே காற்றுத்தான் ஹற்றன், நுவரெலியாப் பக்கம் நாள்கணக்கில் மழையைக் கொட்டிக்கொண்டிருக்கும். தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. ஈரத்தை இழந்தபின் கிழக்கே ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகிறது. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் இருப்பதற்கும் இந்தக் காய்ந்த காற்றே காரணம். மட்டக்களப்பார் இதைக் கச்சான் காற்று என்பார்கள். எங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை. அதைப் பற்றிச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

ஆகவே இடத்தைத் தெரிவுசெய்வதற்கு முன் மாதத்தைப் பாருங்கள். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை நடப்பதற்கு ஏற்ற பக்கம் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல, பதுளை, அவற்றோடு நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு. சிவனொளிபாதமலையை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். அதன் யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. அதன்பின் வழிவிளக்கு எரியாது, தேத்தண்ணிக் கடைகள் இருக்காது, மழை கழுவும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் தனியே ஏறி இறங்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை வேறு கணக்கு. அது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலம். காலை தெளிவாக இருக்கும். மதியம் திரும்பியதும் முகில் கட்டி இடியும் மின்னலும் வரும். சித்திரையில் போனால் 12 மணிக்குள் மலைமுகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். நுவரெலியாவில் அந்த மாதம் வசந்த கால விழா நடப்பதால் அறை வாடகையும் வாகன நெரிசலும் உச்சத்தில் இருக்கும். நடப்பதற்காகவே போகிறவர்களுக்கு அந்த ஊர் அப்போது பொருந்தாது.

எங்களுக்கு மிக அருகில் இருக்கும் நல்ல மலைப்பாதையை யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏ9 வீதி கண்டிக்குப் போகும் வழியில் மாத்தளையைத் தொட்டுத்தான் போகிறது. மாத்தளையில் கிழக்கே திரும்பி ரத்தோட்டை வழியாக ஏறினால் றிவர்ஸ்ரன். நுவரெலியாவுக்குப் போகும் பயணத்தோடு ஒப்பிட்டால் அரை நாள் மிச்சம். றிவர்ஸ்ரன் கணவாய் நக்கிள்ஸ் தொடரின் முதுகில் இருக்கிறது. ரத்தோட்டைப் பக்கம் ஈரமும் பாசியுமான காடு. கணவாயைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் சில கிலோமீற்றருக்குள் காய்ந்த புல்வெளி. சோளகம் என்ன செய்கிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இந்த வீதியில் ஒருமுறை போய்வந்தால் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும். மேலே உள்ள அலைபரப்புக் கோபுரம் வரை போகும் பாதை குறுகிய நடைதான், ஆனால் ஜூலை, ஓகஸ்ற்றில் அங்கே காற்று ஆளைத் தள்ளும். தொப்பி, குடை இரண்டும் பயன்படாது. காதை மூடும் துணி வேண்டும். கொஞ்சம் கீழே உள்ள பிட்டவல பத்தன புல்வெளியில் ஒரு கிலோமீற்றருக்கும் குறைவாக நடந்தால் பாறை விளிம்பு வரும். அங்கே மண் மெல்லிய படை, அதற்குக் கீழே சரளை. பாதையை விட்டு விலகி நடந்தால் புல் பிடுங்கிக்கொண்டு வரும், அடுத்த மழையில் அந்த இடம் அரிக்கப்பட்டுவிடும். போட்டிருக்கும் பாதையிலேயே நடக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நக்கிள்ஸ் காட்டுக்குள் நீண்ட நடை போவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் ஊர் வழிகாட்டியும் தேவை. தொடரின் உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர். முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஊவாப் பக்கத்தில் நான் முதலில் சொல்வது ஹப்புத்தளையைத்தான். எல்லவில் கூட்டம் அதிகம், விலையும் அதிகம். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் ஓடுகிறது. 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் வரை தோட்டத்து வீதியால் ஏறக்குறைய 7 கிலோமீற்றர். உச்சி 1,970 மீற்றர் அளவு. விடியப்புறம் முச்சக்கர வண்டியில் ஏறிப்போய், இறங்கும்போது மட்டும் நடப்பது குடும்பங்களுக்கு நல்ல ஒழுங்கு. வீதி முழுவதும் தாரும் கல்லும், வழி தவற இடமில்லை, பெரும்பாலும் அட்டையும் இல்லை. ஒன்பது, பத்து மணிக்குள் கீழிருந்து முகில் ஏறி மூடிவிடும்.

தோட்டங்களுக்குள் நடக்கும்போது நினைவில் வைக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. அங்கே “மலை” என்றால் கொழுந்து பறிக்கும் தேயிலைப் பகுதி. “மலைக்குப் போயிட்டாங்க” என்றால் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். “மலைக்குப் போகும் பாதை எது” என்று கேட்டால் கொழுந்தெடுக்கும் இடத்தைக் காட்டுவார்கள். போகும் உச்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். குறுக்குப் பாதையைக் காட்டினால் அது கால் பழகியவர்களின் பாதை என்பதையும் யோசியுங்கள்: கூடையோடு அவர்கள் பத்து நிமிடத்தில் ஏறும் செங்குத்து, எங்களுக்கு முக்கால் மணித்தியாலம். இன்னொன்று, கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். “அக்கா, ஒரு படம் எடுக்கலாமோ” என்று கேட்க எங்களுக்கு மொழி இருக்கிறது. நாள் சம்பளத்துக்கு நிறுவைக் கணக்கில் வேலை செய்யும் நேரத்தில் அவர்களை மறிப்பது சரியில்லை.

எல்லவில் சின்ன சிவனொளிபாதமலை 1,141 மீற்றர். ஏறி இறங்க இரண்டு மணித்தியாலம் போதும். எல்லப் பாறை அதைவிடக் கடினம், மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். அதன் தொடக்கம் பெரும்பாலும் ரெயில் பாதையை ஒட்டியது. இறக்கத்தில் வரும் ரெயினுக்குச் சத்தம் குறைவு, வளைவில் திடீரென்று தெரியும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பவர்கள் அடிபடுவதற்கு இதுவே காரணம். பாலத்தில் நடுவே நிற்கவே கூடாது. காய்ந்த மாதங்களில் இந்த மலைகளில் மானாப்புல் வைக்கோல் போல இருக்கும். ஒரு சிகரெட் துண்டு, அணைக்காத தேத்தண்ணி அடுப்பு, இரண்டும் முழு மலைச்சரிவையும் எரிக்கும். அங்கே நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதக் கால் முந்தாது.

இனி ஹோட்டன் சமவெளி. எங்கள் நாட்டுத் தேசியப் பூங்காக்களில் வில்பத்து போன்ற பெரும்பாலானவற்றில் வாகனத்தை விட்டு இறங்க முடியாது. நடந்து பார்க்கவென்றே இருக்கும் பூங்கா இதுதான். 1988இல் தேசியப் பூங்காவானது, 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸோடும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. கடல்மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீற்றர் வரையான மேட்டுநிலம். நாட்டின் இரண்டாவது உயரமான கிரிகல்பொத்தையும் மூன்றாவதான தொட்டுப்பொலைக் கந்தையும் இதன் எல்லையில் நிற்கின்றன. பட்டிப்பொல, ஒஹிய என்று இரண்டு பக்கத்தாலும் வழி உண்டு. நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீற்றர், ஒஹிய ரெயில் நிலையத்திலிருந்து 11 கிலோமீற்றர் அளவு. நுவரெலியாவில் தங்கினால் காலை நான்கரைக்கு எழும்ப வேண்டும். பட்டிப்பொலயிலோ ஒஹியவிலோ தங்கினால் ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கலாம்.

வழக்கமான வட்டப் பாதை 9 கிலோமீற்றருக்குச் சற்று மேலே. சின்ன உலக முடிவு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வரும். மூன்று முதல் நான்கு மணித்தியாலம். உலக முடிவில் நிலம் ஏறக்குறைய 870 மீற்றர் செங்குத்தாக விழுகிறது. வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. திறந்தவுடன் உள்ளே போய், நேரே உலக முடிவுக்கு நடந்து, மற்றதையெல்லாம் பிறகு பாருங்கள். கீழ்நாட்டில் வெயில் ஏற ஏற சூடான ஈரக்காற்று அந்தச் செங்குத்தின் வழியாக மேலே ஏறி, குளிர்ந்து, விளிம்பில் முகிலாகிறது. ஒன்பதரைக்குப் பின் பெரும்பாலும் வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள். முகில் மூடிய நேரத்தில் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. விளிம்பை நம்பி நிற்க முடியாது. ஈரமான பாறையில் செருப்போடு நின்று செல்பி எடுக்கப் போய் உயிர் போன இடம் அது. விளிம்பிலிருந்து மூன்று மீற்றருக்குள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சோளக மாதங்களில் ஹோட்டன் சமவெளி ஊவாவின் வறட்சியும் மேற்கின் மழையும் சந்திக்கும் எல்லை. ஒரு நாள் வெயில், அடுத்த நாள் கிடையாக அடிக்கும் மழை. நல்ல காட்சி வேண்டுமென்றால் தை முதல் பங்குனி வரை போங்கள். ஓகஸ்ற்றில்தான் விடுமுறை என்றால், இரண்டு காலைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீன் பார்ப்பார்கள். பிஸ்கற் பக்கற்றின் உறையைக்கூடக் கழற்றி வாங்குவார்கள். அது சரியான நடைமுறை. சம்பர் மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன. மான்களுக்குப் பாண் துண்டு நீட்டுவதும் அதே கேட்டில்தான் முடிகிறது: மனிதக் கையை நம்பும் மான் பையைத் தின்னும். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். உள்ளூர்க் கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கட்டணத்துக்கும் பல மடங்கு வித்தியாசம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சொந்தக்காரரைக் கூட்டிப்போகும் குழுக்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போடாமல் வாசலில் நின்று முகம் சுளிப்பது வழக்கம்.

உடம்பைப் பற்றி. இலங்கையில் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். உயர மலைகளில் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேதான் ஆட்களைப் பிடிக்கும். ஹோட்டன் சமவெளியில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைவு; ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகும். யாழ்ப்பாணத்தாரை அங்கே உண்மையில் விழுத்துவது கால். எங்கள் நிலத்தில் ஏற்றமே இல்லை. சைக்கிள் ஓடும் கால், வயலில் நடக்கும் கால் எல்லாம் சமதரைக்குப் பழகியவை. ஏற்றத்தில் நெஞ்சு அடிக்கும், அது தெரிந்த களைப்பு. இறக்கத்தில்தான் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலைக்குப் பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் வரும், நடுங்கும், அடுத்த இரண்டு நாளும் படியிறங்க முடியாது. சறுக்கி விழும் விபத்துகளில் அதிகம் இறக்கத்தில் நடப்பதும் இதனால்தான்.

ஆறு கிழமை முதலே தொடங்கினால் போதும். சாதாரணப் படி ஒன்று 16, 17 சென்ரிமீற்றர் உயரம். 600 படி ஏறினால் 100 மீற்றர். மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் பத்துத்தரம் ஏறி இறங்கினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். கிழமைக்கு மூன்று நாள், முதல் கிழமை ஐந்து தரம், ஆறாம் கிழமையில் முதுகில் நாலு கிலோப் பையோடு இருபது தரம். ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்குங்கள். பயிற்சியின் முக்கால்வாசி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகள் இதற்கு இன்னும் நல்ல இடம். மணல் காலடியில் வழுகுவதால் கணுக்காலும் சேர்ந்து உறுதியாகும். பின்நேரம் ஐந்து மணிக்குப் பிறகு போங்கள். மேட்டில் வளர்ந்திருக்கும் கொடிகளை மிதித்து நாசமாக்காமல் வெறும் மணலில் ஏறுங்கள். அந்தக் கொடிகள்தான் மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன.

நேரக் கணக்கு இப்படி: சமதூரத்துக்கு மணித்தியாலத்துக்கு 4 கிலோமீற்றர், அதோடு ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 8 கிலோமீற்றரும் 400 மீற்றர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் இரண்டு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். சாப்பாடு, படம், இளைப்பாறல் எல்லாம் இதற்கு வெளியே. முதல்முறை போகிறவர்கள் வந்த தொகையோடு பாதியைக் கூட்டி நாலு மணித்தியாலம் என்று வையுங்கள். குழுவில் வயதானவரோ சிறு பிள்ளையோ இருந்தால் கணக்கு அவரின் நடையில்தான். பொழுது ஆறரைக்கு முன் சாயும், காட்டுக்குள் ஆறு மணிக்கே இருட்டு. எங்கே நின்றாலும் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே பேசி முடிவெடுத்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சப்பாத்து விஷயத்தில் எங்களூரில் மட்டும் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தியோ தந்த நல்ல மலையேறும் சப்பாத்து அலுமாரியில் நாலைந்து வருடம் புதிது போலவே கிடக்கும். அதன் நடுப்படை பெரும்பாலும் பொலியூரித்தேன். ஈரப்பதன் உள்ள வெக்கையில் அந்தப் பொருள் போடாமல் வைத்திருந்தாலும் சிதைந்துகொண்டே இருக்கும். மலையில் ஒரு மணித்தியாலம் நடந்ததும் அடி முழுதாகக் கழன்று விழும். போவதற்கு முன் சப்பாத்தை வளைத்துப் பாருங்கள், நகத்தால் பக்கத்தை அழுத்துங்கள். வெடிப்போ மாவு போல உதிர்வோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பள்ளம் ஆழமான அடியுள்ள சாதாரண விளையாட்டுச் சப்பாத்து, பழகியதாக இருந்தால், ஹோட்டன் சமவெளிக்கும் லிப்டன் சீற்றுக்கும் போதும். புதிதென்றால் குறைந்தது 30 கிலோமீற்றர் ஊரிலேயே நடந்து பழக்குங்கள். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, கணுக்கால் பக்க நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் பாதம் முன்னே வழுகி விரல்நகம் கறுத்துப் போகும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும்.

உடுப்பில் ஒரே விதிதான்: ஜீன்ஸ் வேண்டாம். உயரம் ஒரு கிலோமீற்றர் கூடினால் வெப்பநிலை ஆறு, ஆறரைப் பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் 32 பாகை என்றால் 2,100 மீற்றரில் வெயிலிலேயே 18, 19 பாகைதான். விடியப்புறம் பத்துக்கும் கீழே. பருத்தி நனைந்தால் காய எத்தனையோ மணித்தியாலம், அதற்கிடையில் காற்று அடித்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். நடுக்கம், நாக்குக் குழறல், “கொஞ்சம் இருந்திட்டு வாறன்” என்று ஒதுங்கி உட்காருதல், இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அது களைப்பு மட்டுமில்லை, உடம்பு குளிர்ந்து போகிறது. உடனே நனைந்ததைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தலையை மூடி, இனிப்பாகச் சூடாக ஏதாவது கொடுத்து, கூட்டிக்கொண்டு இறங்குங்கள். அதனால் காய்ந்த சட்டை ஒன்றும் சொக்ஸ் ஒரு சோடியும் பைக்குள் நீர் புகாத உறையில் எப்போதும் இருக்க வேண்டும்.

அட்டை எங்களுக்குப் புதிது என்பதால் பயம் அதிகம். நோய் எதையும் பரப்பாது, வலிக்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் செலுத்துவதால் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் வடியும், அவ்வளவுதான். காற்சட்டை அடியைச் சொக்ஸுக்குள் செருகி, சொக்ஸிலும் சப்பாத்து விளிம்பிலும் ஈரச் சவர்க்காரத்தைத் தேயுங்கள். மழையில் கழுவுப்பட்டால் திரும்பத் தேய்க்க வேண்டும். கடித்துக்கொண்டிருப்பதை இழுத்துப் பிய்க்காமல், மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டிச் சுரண்டினால் விட்டுவிடும். உப்பும் தேசிக்காயும் வேலை செய்யும், ஆனால் அட்டை கக்கினால் காயம் அசுத்தப்படும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடியுங்கள்.

சாப்பாட்டில் எங்கள் ஊருக்கு ஈடில்லை. பொலித்தீன் இல்லாமல், குளிரூட்டி இல்லாமல், நாள்கணக்கில் கெடாமல் இருக்கும் பண்டங்களை எங்கள் பாட்டிமார் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம், பனங்கட்டியோடு கச்சான். ஓகஸ்ற்றில் போனால் பனங்காய்ப் பணியாரம், ஆனால் அது இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டியை அப்படியே பையில் வைக்கலாம், வாசலில் யாரும் உறை கழற்ற மாட்டார்கள். ஒரு ஆளுக்கு நாலு மணித்தியால நடைக்குப் பனங்கட்டி இரண்டு மூன்று துண்டும் கச்சான் ஒரு கைநிறையவும் எள்ளுப்பாகு மூன்று உருண்டையும் என்று வைத்தால் சரியாக இருக்கும். பசி வரும்வரை காத்திராமல் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கடியுங்கள். புழுக்கொடியல் நல்ல பண்டந்தான், ஆனால் மென்று முடிக்க நேரம் எடுக்கும், தண்ணீரும் கேட்கும், ஏறும்போது வேண்டாம். மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய தேசிக்காய்ச் சோறு. தேங்காய்ப்பூச் சம்பலும் பால்கறியும் வாகனச் சூட்டில் ஐந்தாறு மணித்தியாலத்தில் புளித்துவிடும். மலையில் வயிற்றோட்டம் வந்தால் பயணமே போச்சு.

தண்ணீர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றர். குளிரில் தாகம் தெரியாது என்பதால் ஆட்கள் குடிக்க மறப்பார்கள். நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் ஒரு பக்கற் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு அளவைக் கூட்டாதீர்கள்.

நடையைவிட ஆபத்தானது வாகனம். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வான் பிடித்து, இரவு ஒன்பதுக்கு யாழ்ப்பாணத்தில் எடுத்து, விடியும்போது மலை வளைவுகளில் ஏறுவது எங்கள் வழமை. பகல் முழுவதும் ஓடிய சாரதி, தூக்கமில்லாத இரவு, பழக்கமில்லாத வளைவு, முகில் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்கின்றன. காலையில் புறப்பட்டு, இருட்ட முன் மாத்தளையிலோ கண்டியிலோ தங்கி, அடுத்த நாள் வெளிச்சத்தில் ஏறுங்கள். ஒரு நாள் கூடும், அந்த நாளுக்கு அறைக் காசு கொடுப்பதில் ஒரு நட்டமும் இல்லை. ரெயினில் என்றால் பொல்கஹவெல சந்தியில் இறங்கி பதுளை ரெயினுக்கு மாறலாம். கொழும்பு வரை போய்த் திரும்பத் தேவையில்லை.

சமதரையில் ஓடிப் பழகியவர்கள் இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். உராய்வில் பிறேக் கட்டைகள் சூடாகிப் பிடிப்பை இழக்கும். அந்தச் சூடு பிறேக் எண்ணெய்க்கு ஏறினால் அது கொதித்துக் குமிழி விடும். குமிழி நசியும், எண்ணெய் நசியாது. அதனால் மிதி தரைவரை போகும், வாகனம் நிற்காது. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து நீரை உறிஞ்சும் பொருள். பழைய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு மேலாக மாற்றாத வாகனத்தோடு மலைக்குப் போகாதீர்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு. பிறேக்கை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. எரிந்த நாற்றம் வந்தால் சமமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் சூடான பிறேக் தட்டு வெடிக்கும், கோணும். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதி இதற்கெல்லாம் பெரிய சோதனை. 2025 செப்ரெம்பரில் அங்கே ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து பலர் இறந்தார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு இயந்திரம் இழுத்துப் பிடிக்கும் பலம் மிகக் குறைவு. இருவர் ஏறிய ஸ்கூட்டரில் இந்த வீதி வேண்டாம். ஒடுங்கிய இடத்தில் ஏறி வருகிறவருக்கே முதலில் வழி.

அருவிகளில் குளிப்பதைப் பற்றிச் சுருக்கமாக: எங்களுக்குக் கடல் தெரியும், கேணி தெரியும், மலையாறு தெரியாது. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து சேரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்த நொடியே கரையேறுங்கள், உடுப்பை எடுக்க நிற்காதீர்கள். அருவியின் உச்சிப் பாறையில் பாசி கண்ணுக்குத் தெரியாது. 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியின் மேல்தடாகங்களில் வழுகினால் பிடிக்க ஒன்றுமில்லை.

தோட்டப் பகுதியில் குளவிக் கொட்டு தொழிலாளரின் அன்றாட ஆபத்து. பாறை முகப்பிலோ உயரமான மரத்திலோ கூடு தெரிந்தால் சத்தம் போடாமல், வந்த வழியே திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கல் எறியாதீர்கள், புகை போடாதீர்கள். கிளம்பிவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓட வேண்டும். நின்று கையால் அடித்தால் இன்னும் வரும். பல இடத்தில் கொட்டுப்பட்டவரை, நன்றாக இருக்கிறார் என்று தோன்றினாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மண்சரிவைப் பற்றி மலைநாட்டு மக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலை முழுவதையும் உலுக்கியதும் அவர்கள் வாழ்க்கையில் நடந்தவை. போகிற எங்களுக்குத்தான் அடையாளங்கள் தெரிய வேண்டும்: பாதைக்குக் குறுக்கே புதிய வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், காய்ந்த சரிவில் திடீரென ஊறும் சேற்றுநீர். இவற்றைக் கண்டால் சரிவைக் கடக்காதீர்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் பாதை இன்று இல்லாமலிருக்கலாம். தங்கும் வீட்டாரிடம் முதல் நாள் மாலையே பாதையையும் ரெயின் ஓடுகிறதா என்பதையும் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்பி அழைப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மலையில் பல இடங்களில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை, குளிரில் பற்றரியும் கெதியாக இறங்கும். கைப்பேசியை உடம்போடு ஒட்டி உள்பையில் வையுங்கள். 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இரண்டையும் கைப்பேசியில் மட்டுமல்ல, ஒரு கடதாசியிலும் எழுதிப் பைக்குள் போடுங்கள்.